டயகம லயத்தில் ஒரு சத்தமில்லாத கார்

தைப்பொங்கல் முடிந்த அடுத்த வாரம் மூன்று நாள் லீவு போட்டுக்கொண்டு, கண்டியிலிருந்து டயகமவுக்கு என் பழைய மின்சாரக் காரில் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அண்ணன் குமார் டயகம தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருக்கிறார். ஒரு கிழட்டு டீசல் வேன் வைத்திருக்கிறார். தினமும் விடியும் முன்னே நான்கு ஆசிரியர்களைத் தலவாக்கலைக்கு ஏற்றிப் போவதுதான் அவருடைய நிரந்தர ஹயர். அந்தக் குளிரில் வேன் லேசில் மசியாது. வாசலில் நின்று கால் மணி நேரம் புகை கக்கிய பிறகுதான் நகரும். லயத்துக் காம்பராக்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு இருப்பதால் புகை உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். அண்ணனின் ஏழு வயது மகள் தர்ஷினிக்கு இழுப்பு நோய். வேனை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமா, அந்த ஏற்ற இறக்கத்தில் அதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, முழுச் சார்ஜோடு கிளம்பினேன். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்குச் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். நாவலப்பிட்டி வரை கார் சமர்த்தாக வந்தது. ஏற்றம் தொடங்கியதும் பேட்டரி மளமளவென்று கரைந்தது. ஹட்டனில் இருபத்திரண்டு சதவீதம். பயந்து பிரயோசனமில்லை, ஏற்றம் என்றால் அப்படித்தான். டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் இருந்த வேகச் சார்ஜரில் முக்கால் மணி நேரம் போட்டுவிட்டு, ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு, இரண்டு பிளேன்டீ குடித்தேன்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி டயகமவுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். தலவாக்கலையில் நீர்த்தேக்கத்தின் மேல் மூடுபனி ஊர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு மெல்லப் போனேன். இந்த மலையில் பெய்த மழைதான் கீழே விழுந்து மின்சாரமாகிறது. அதில் ஒரு துளி என் பேட்டரிக்குள் புகுந்து, பெய்த இடத்துக்கே திரும்ப ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். விஞ்ஞானப்படி சரியோ தப்போ, அந்த நினைப்பு இனிமையாக இருந்தது. தேயிலைக்கு நடுவே நான் காரில் போகிறேனா, பனி என்னைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று தெரியவில்லை.

டயகம போய்ச் சேரும்போது முப்பத்தொரு சதவீதம். பின்னேரம் ஆறு மணிக்கு, அண்ணன் வீட்டுப் பிளக்கில் காரை மாட்டினேன். லயத்தில் அத்தனை பல்புகளும் மஞ்சளாகிச் சோர்ந்தன. பக்கத்துக் காம்பராவிலிருந்து லெட்சுமி அக்கா கையில் அகப்பையோடு வந்துவிட்டார். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏம்மா கண்டிக்காரி, காருக்குச் சோறு ஊட்டுற, சரி. எங்க குக்கர்ல அரிசி முழிச்சிக்கிட்டு கெடக்குதே!"

சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் கவலைதான். லயம் முழுவதற்கும் மெல்லிய கம்பி ஒன்றுதான் வருகிறது. ஒரு காருக்கே இந்தப் பாடு என்றால் பத்துக் கார் வந்தால் என்ன ஆகும்?

வழி மறுநாள் பகலில் கிடைத்தது. எல்லோரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகு, ஒன்பதரைக்கு மாட்டினேன். லயத்தில் ஒரு பல்புகூட எரியவில்லை. கரண்டு தாராளமாக வந்தது. வெயில் நன்றாக அடித்தது. நாட்டில் கூரைகளில் சூரியத் தகடு பெருகிவிட்டதால் பகல் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு குறைவு, பொழுது சாய்ந்தபின்தான் இழுபறி. அண்ணனின் வண்டிக்கு வேலை காலையும் பின்னேரமும் என்பதால் நடுப்பகல் சும்மாதான் நிற்கிறது. பின்னேரம் இரண்டரைக்குப் பார்த்தால் எழுபத்திரண்டு!

அன்று அண்ணனே ஓட்டிப் பார்த்தார். அக்கரப்பத்தனைப் பக்கம் இறக்கம் வந்ததும் அவருடைய கை தானாகப் போய் நியூட்ரலில் தள்ளியது.

"என்னண்ணே பண்றீங்க?"

"எறக்கத்துல நியூட்ரல்ல விட்டாத்தானே எண்ணெ மிச்சம்? இருவது வருசமா இப்படித்தான் ஓட்டுறேன்."

மலைநாட்டு டிரைவர்மாரின் சிக்கனம் அது. ஆபத்தானதும்கூட. மின்சாரக் காரில் கதையே வேறு: கியரில் இருந்தால்தான் இறக்கத்தில் சக்கரம் சுழன்று பேட்டரியை நிரப்பும். நியூட்ரலில் விட்டால் மிச்சமாவது ஒன்றுமில்லை, வரவேண்டியதும் வராது. சொன்னேன். நம்பாமல் கியரில் போட்டார். அடுத்த வளைவுகளைத் தாண்டுவதற்குள் அறுபத்தாறு அறுபத்தேழானது. அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

"இங்கிட்டு ஓடை ஒண்ணு ஓடுதா? இத்தனை வருசமா எனக்குக் கேக்கவே இல்லயே!"

பாலத்தருகே காரை நிறுத்திவிட்டு இருவரும் ஓடையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை விடிகாலை அண்ணன் என் காரில் ஆசிரியர்களை ஏற்றப் போய்விட்டார். போனது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது முகத்தில் சூரியன். வெளியே ஒரே கலவரம். வழக்கமாக அண்ணனின் வேன் உறுமும்போதுதான் லயமே எழும்புமாம்! அன்று வேன் உறுமவில்லை. காலைப் பெரட்டில் வரிசையில் நின்று அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கவேண்டியவர்கள் எல்லாம் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றியபடி ஓடினார்கள். லெட்சுமி அக்கா ஓடிக்கொண்டே எங்கள் பரம்பரையையே ஏசினார். பிந்திப் போனவர்களுக்குக் கங்காணி அன்று அரைப் பெயர்தான் போட்டார்; பாதி நாள் கூலி போயிற்று.

உள்ளே தர்ஷினி மட்டும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் வேன் புகைக்கு விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுகிற பிள்ளை. அண்ணி அவளை எழுப்பாமல் பக்கத்தில் நின்று, ஏறி இறங்கும் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுல்ல அண்ணி?" என்றேன். "கெடக்கட்டும்மா" என்றார்.

இந்தப் பக்கம் மின்சாரக் காரில் வர நினைப்பவர்களுக்கு: கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்தால் ஹட்டனில் கட்டாயம் சார்ஜ் போடுங்கள். சார்ஜர் வேலை செய்கிறதா, யூனிட் என்ன விலை என்று முன்பே போன் போட்டுக் கேளுங்கள். இடத்துக்கு இடம் மாறுகிறது. ஏற்றத்துக்கு, சமதரையில் ஆகிற செலவைப்போல் இரண்டு மடங்கு என்று கணக்கு வையுங்கள். லயத்துப் பிளக்கில் மாட்டுவதாக இருந்தால் பகலில் மாட்டுங்கள். அதற்கு முன் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். தினமும் ஓட்டுகிறவருக்கு இது சரிவருமா என்று கேட்டால், போகும் தூரமும் பகலில் மாட்ட ஒரு பிளக்கும் உறுதியாக இருந்தால் சரிவரும். ஆனால் ஒரு லயத்தில் நாலைந்து கார் வரும் நாளில் கம்பியும் ட்ரான்ஸ்போமரும் பெரிதாகத்தான் வேண்டும்.

அண்ணன் வாங்குகிறாரா என்று கேட்பீர்கள். அன்று பின்னேரம் அரைப் பெயர் விஷயம் தெரிந்ததும் அவருக்கு மனசு விட்டுப்போனது. லெட்சுமி அக்காவின் வாசலில் போய் நின்றார்.

"என்னால உங்களுக்கெல்லாம் பேரு போச்சு. வேணாங்க்கா, அந்த வேனே இருந்துட்டுப் போகுது."

லெட்சுமி அக்கா கொழுந்துக் கறை படிந்த கையைக் கழுவியபடியே தர்ஷினியைப் பார்த்தார். அவள் முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"சும்மா இருங்க தம்பி. நீங்க கார வாங்குங்க, நாங்க ஒரு சேவல வாங்கிக்கிறோம்."