கதவுக்குப் பின்னால் இருந்தவர்

கொஸ்லந்தப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பதுளையிலிருந்து படம் காட்ட வந்தார்கள். திரையை மரத்தில் உயரக் கட்டியதால், பகலெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களுக்கு அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தது. நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்தின் பக்கச் சுவர் தாழ்வாக, வெள்ளையாக இருந்தது. திரைக்குப் பதில் அதில் படம் ஓட்டலாம் என்று நான்தான் சொன்னேன்.

சுவரில் கடைசி வீட்டின் கதவு ஒன்று. அதற்கும் சுண்ணாம்பு அடித்தோம். தாழ்ப்பாள் இல்லாததால் காற்றில் கதவு ஆடியது, படமும் ஆடியது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் நின்றுவிட்டது.

இடைவேளையில் முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போனேன். வீட்டுக்காரர் கதவில் முதுகை முட்டுக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், தலையில் துண்டு. எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசுவார்.

“என்னண்ணே, படம் பாக்கலியா?”

“நான் எந்திரிச்சா கதாநாயகி மூஞ்சி ரெண்டாப் பொளந்துரும்டா.”

“ஒரலை நகட்டி வைக்கலாமே?”

“வச்சேன், காத்து அதையும் தள்ளுது. சத்தம் கேக்குது, அது போதும். ஆமா, அந்தப் புள்ள பாக்க எப்படி இருக்கா?”

“அழகா இருக்காண்ணே.”

மறுபடி சிரித்தார். நான் உட்காருகிறேன், நீங்கள் போய்ப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் வெளியே படம் தொடங்கிவிட்டது.

ஓடி வந்துவிட்டேன். மீதிப் படம் முழுக்க அந்தக் கதவு அசையவே இல்லை.