வெள்ளிக்கிழமை பேக்கரியம்மாவிடம் இருக்கிறது

கண்டக்டருக்கு சீரியல் என்றாலே ஆகாது. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர். சாயங்கால டிரிப்பில் எந்தப் பெண்ணாவது, "சீக்கிரம் விடச் சொல்லுங்கண்ணே, சீரியல் போட்டுடுவான்" என்று சொல்லிவிட்டால் போதும். "ஏம்மா, அழறதுக்குக்கூடவா நேரம் குறிச்சு வச்சிருக்கீங்க?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேலி பேசுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், அறுபத்தாறு வயதில், ஒரு சீரியல் முடியப்போகிறது என்று தெரிந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

எல்லாம் அந்த டயாலிசிஸ் அறையால் வந்த வினை. சிறுநீரகம் இரண்டும் கைவிரித்த பிறகு, செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் அங்கே படுத்துக் கிடக்கவேண்டும். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்று ரத்தத்தை மெஷினுக்குக் கொண்டுபோகும், இன்னொன்று சுத்தமானதைத் திருப்பிக் கொண்டுவரும். கையை அசைக்கக் கூடாது. நடுவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உயிரே போய்விடும். வீட்டுக்கு வந்து ஆசையாக ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கலாமென்றால் அதுவும் அளந்துதான். முதல் வாரமே, "இது ஒரு பொழப்பா? என்னை விட்டுடும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

மகள் ஓவென்று அழுதாள். கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிற வேலை அவளுக்கு. அப்பாவை விட்டால் அவளுக்கு ஆளில்லை, அவளை விட்டால் அவருக்கு ஆளில்லை. அவள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் கண்டக்டர் டயாலிசிஸ் அறைச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யைக் காட்டினார்.

"சரி, சரி, அழாதே. இந்த வாரம்தான் ஒரு கதை ஆரம்பிச்சிருக்கான். அது முடியற வரைக்கும் வர்றேன். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது. வாக்குக் கொடு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே வாக்குக் கொடுத்தாள். சீரியலாவது, முடியறதாவது!

பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சீரியல். அப்பா விட்டுப்போன அச்சகத்தை ஒற்றை ஆளாக நடத்தி, மூன்று தங்கைகளைக் கரையேற்றுகிற ஒரு பெரிய பெண்ணின் கதை. அச்சகத்தை அமுக்கிக்கொள்ளத் துடிக்கிற சித்தி ஒருத்தி. அவளுக்குக் கண்டக்டர் வைத்த பெயர் கண்ணாடிக்காரி. முதல் மாதம் கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்து வைத்திருந்தார். இரண்டாவது மாதம், "அந்தக் கையெழுத்தைப் போடாதேம்மா, போடாதே!" என்று கத்த, சிஸ்டர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

ஆனால் வீட்டில் பார்க்க மாட்டார். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிற ஆம்பளையா அவர்? வீம்பு! அப்படியென்றால் திங்கள், புதன், வெள்ளிக் கதைக்கு என்ன வழி? அதற்குத்தான் மூன்றாம் நம்பர் பெட்டில் பேக்கரியம்மா இருந்தார். சொந்தமாக பேக்கரி நடத்தி, மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து படுத்தவர். வீட்டில் ஒரு நாள் விடாமல் பார்த்துவிட்டு, மறுநாள் ஊசி குத்தி முடித்ததும் பக்கத்துப் பெட்டுக்கு ஒப்பிப்பார். வெறுமனே ஒப்பிப்பாரா? பெரியவள் குரலில் தழுதழுப்பார், கண்ணாடிக்காரி குரலில் சீறுவார். "அப்போ அவ திரும்பினா பாருங்க கண்டக்டரே, ஒரு பார்வை!" என்று அந்தப் பார்வையையும் பார்த்துக் காட்டுவார். டி.வி.யில் வருவதைவிட அம்மா சொல்வதுதான் நன்றாக இருக்கிறது என்பது கண்டக்டரின் தீர்மானமான கருத்து.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை திரையின் அடியில் ஒரு பட்டை ஓடிற்று: 'இறுதி வாரம்'.

பேக்கரியம்மா, "அய்யய்யோ!" என்றார். கண்டக்டர் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் அந்தப் பெண் காலையில் ஷட்டரைத் தூக்குவதைப் பார்க்க முடியாது. கடைசித் தங்கை கோபித்துக்கொண்டு மாடியேறுவதைப் பார்க்க முடியாது. யாரோ எழுதின கதை, யாரோ நடிக்கிறார்கள், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் ஊரை விட்டுப் போகிற மாதிரி இருந்தது.

அதோடு வாக்கும் இருக்கிறதே. அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று வருஷமாக மகள் வாரத்தில் மூன்று நாள் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, ஆபீசுக்குப் பறந்து, ஒன்றரை மணிக்குத் திரும்ப வந்து அள்ளிக்கொண்டு போகிறாள். மேனேஜர் திட்டியதை அவள் ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை. ஆனால் கண்டக்டருக்கு முகத்தைப் பார்த்தே ஆள் எங்கே ஏறியது, எங்கே இறங்கும் என்று தெரியும். போதும், பிள்ளையை விட்டுவிடலாம் என்றுதான் அவருக்கு எண்ணம். சிஸ்டர் சொல்லி மகளுக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை வந்தது. மூன்றாம் நம்பர் பெட் காலி.

"அம்மாவுக்கு ராத்திரி காய்ச்சல் அதிகமாயிடுச்சு. மேல வார்டுல சேர்த்திருக்காங்க" என்றாள் சிஸ்டர். "மெஷினை அங்கேயே கொண்டுபோயிட்டோம். பயப்படாதீங்க, தேறிடுவாங்க."

"அங்க டி.வி. இருக்கா?"

"இல்லைங்க."

கடவுளே! மூன்று வருஷம் பார்த்துவிட்டு, கடைசி நாளில் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாரே அந்த அம்மா! கண்டக்டருக்கு அவர் வரவில்லையே என்று வருத்தம், வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்ல ஆளில்லையே என்று எரிச்சல். இரண்டில் எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

பன்னிரண்டு மணி. பெரியவள் அச்சகத்துக்குள் நுழைந்தாள். கண்ணாடிக்காரி எதிரே வந்து, தடாலென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவளும் அவளைக் கட்டிக்கொண்டாள்! கண்டக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்று வருஷம் கரித்துக் கொட்டியவள் ஒரே நாளில் திருந்திவிட்டாளா? என்ன அக்கிரமம்! பிறகு தங்கைகள் எல்லோரும் வந்து நிற்க, பெரியவள் கடைசியாக ஒருமுறை விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கினாள். கண்டக்டருக்கு முகமெல்லாம் நனைந்துவிட்டது. வலது கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். மெஷின் கீ கீ என்று கத்தியது.

"பி.பி. ஏறுதுங்களே! என்ன பண்ணுது?" என்று சிஸ்டர் ஓடிவந்தாள்.

"ஒண்ணும் பண்ணலம்மா. இப்படியா முடிப்பான் கதையை? மடப்பய!"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். கண்ணாடிக்காரி ஏன் அழுதாள்? வெள்ளிக்கிழமை ஏதோ நடந்திருக்கிறது. மகள் போனில் தேடினால் அந்த வெள்ளிக்கிழமை ஒரே நிமிஷத்தில் கிடைக்கும். அது அவருக்கும் தெரியும், பக்கத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளுக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு மகள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"பேக்கரியம்மா மகன்பா. அவங்களுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம். நாளைக்குக் கீழயே வந்துடுவாங்களாம். சனிக்கிழமைக் கதையை யார் சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கறாங்களாம். 'கண்டக்டர்தான் சொல்லணும். வெள்ளிக்கிழமை என்கிட்ட இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு'ன்னாங்களாம்."

கண்டக்டர், "ம்" என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை ஆயிற்று. மகள் கூப்பிடவில்லை. கூப்பிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தவளாயிற்றே. சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னம்மா, மணி ஆகலையா? வண்டியை எடு."

மகள் திரும்பினாள். "கதை முடிஞ்சுடுச்சேப்பா..."

"யார் சொன்னா? எனக்கு வெள்ளிக்கிழமை வரல. அவங்களுக்கு சனிக்கிழமை வரல. எங்க ரெண்டு பேருக்கும் எங்கேம்மா முடிஞ்சுது?"

அவள் சாவியைத் தேடினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

அன்றைக்கு அந்த அறையில் நடந்த அமர்க்களத்தை என்ன சொல்ல! யார் முதலில் சொல்வது என்பதிலேயே அரைமணி நேரம் போயிற்று. பேக்கரியம்மா இளைத்திருந்தார், குரல் மட்டும் இளைக்கவில்லை. கண்ணாடிக்காரி பழைய பெட்டியைத் திறக்கிறாள், உள்ளே அவள் அக்கா எழுதின கடிதம் இருக்கிறது, பிரிக்கிறாள், கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்துக்கே கால்மணி நேரம். நடுநடுவே கண்டக்டர், "அப்படிப் போடு!", "இதை முன்னாடியே தேடியிருக்கலாமில்ல?" என்று வேறு புகுந்துகொண்டார். ஒன்றரை மணிக்கு மெஷின் நின்றபோது கடிதத்தில் நாலு வரிதான் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த கண்டக்டர் முன்னால் குனிந்து, "வியாழக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும்மா. இன்னும் வெள்ளிக்கிழமையே முடியல" என்றார்.

வண்டி மெல்ல மெல்ல வேகம் குறைந்து ஓரமாக நின்றது.

"என்னம்மா, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?"

மகள் ஹேண்டிலைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின. கண்டக்டர் ஊசி குத்தாத கையை எடுத்து அவள் தோளில் வைத்தார்.

"மெதுவாவே போலாம்மா. எனக்கொண்ணும் அவசரமில்ல."