பக்கம் புரட்டும் நேரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அக்காள்மடம் அருகே எங்கள் கடற்கரை ஊரில் நடந்தது இது. படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில், காலையில் மாதா கோயில் ஒலிபெருக்கியில் வேதத்திலிருந்து ஒரு பாடலை வாசிப்பது எங்கள் வழக்கம். புயலில் தத்தளிப்பவர்களை ஆண்டவர் கரை சேர்க்கும் பாடல் அது. பதினைந்து வருடங்களாக அதை வாசித்து வந்தவன் நான். குரல் கணீரென்று இருக்கிறது என்று ஊரே சொல்லும். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்த வருடம் என் மனைவி புற்றுநோயில் போய்விட்டாள். அவளுக்காக நான் ஜெபிக்காத நாள் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு வாசிக்கும்போது வாய்தான் அசைந்தது, உள்ளே ஒரே இருட்டு. நம்பாததை மைக்கில் வாசிப்பது ஊரை ஏமாற்றுவதாகத் தோன்றியது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வாசிக்கும் வேதப் புத்தகத்தைச் சாமியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை, கடலுக்குப் போன படகுகளில் ஒன்று மட்டும் திரும்பவில்லை. எங்கள் தெருவில் நண்டு விற்கும் பெண்ணின் கணவர் அதில் போயிருந்தார். மதியம் வரை தகவல் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் அந்த வீட்டில் கூடி, அதே பாடலை வாசிப்போம். என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

அவள் வாசலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிறு பூசைக்குக்கூட வராமல் நண்டுக் கூடையோடு சந்தைக்கு ஓடுகிறாளே என்று நானே அவளைக் கேலி செய்திருக்கிறேன். கரையில் வலையிலிருந்து நண்டு பிரிக்கும்போது ஒலிபெருக்கியில் காதில் விழுவதுதான் அவளுக்குத் தெரிந்த வேதம்.

நாலு வரி வாசித்திருப்பேன். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. அழுகையா, கோபமா, தெரியவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்போது அவள், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், நான் விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. நடுவில், பாதி வரியில் நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நாலு நொடி கழித்து மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

அந்த இடம் எனக்குத் தெரியும். நான் வாசிக்கும் புத்தகத்தில் பக்கம் அங்கேதான் முடிகிறது. உப்புக்காற்றில் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். விரலை நனைத்து நான் புரட்டுவதற்குள் நாலு நொடி ஆகிவிடும். மற்றபடி பாடலில் அங்கே நிறுத்தம் எதுவும் கிடையாது.

கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, அங்கன ஏன் நிப்பாட்டின?"

"நீங்க அங்கன நிப்பீகள்ல அண்ணே. வேதமே அப்படித்தான்னு நெனச்சேன், யாருக்காக வேண்டுறோமோ அவுக பேரைச் சொல்லிக்கிறதுக்குன்னு. எங்க வீட்டுக்காரவுக பேரைச் சொல்லுவேன். உங்க வீட்டு மதினி நோவுல படுத்திருந்தப்ப அவுக பேரையும் சொன்னேன். மதினி போனதுல இருந்து உங்க பேரு."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நம்பாமல் நான் வாசித்த ஒவ்வொரு காலையிலும் இவள் எனக்காக வேண்டியிருக்கிறாள், அதுவும் நான் தாள் புரட்டிய நேரத்தில்!

"இன்னொரு தடவை வாசிங்கண்ணே" என்றாள். வாசித்தேன். பக்கம் முடிந்த இடத்தில் நின்று, அவள் கணவர் பெயரை மனதுக்குள் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

சாயங்காலம், இன்ஜின் பழுதான அந்தப் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. அவள் கணவர் வராமல் போயிருந்தாலும் அவள் அந்தப் பாடலை விட்டிருக்க மாட்டாள். அந்த உறுதி எனக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது. புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

போன வருடம் மகன் புதுப் புத்தகம் வாங்கித் தந்தான். அதில் அந்தப் பாடல் முழுக்க ஒரே பக்கத்தில் இருக்கிறது, புரட்ட வேண்டியதே இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் நாலு நொடி நிற்கிறேன். என்னைப் போல உள்ளே இருண்டு கிடக்கும் யாரோ ஒருவருடைய பெயரை, கரையில் யாரோ சொல்ல நேரம் வேண்டுமே!