ஆளுக்கொன்றாகப் பிரித்த மெமரித் துண்டுகள்

எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்புவரைதான் படித்தேன். ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கச் சொன்னால் நான் பின்வரிசைக்குப் போய்விடுவேன். ஒரு கணினியைத் திறந்து இரண்டு மெமரித் துண்டுகளைப் பொருத்தியது எழுதுவதற்கு ஒரு விஷயமா என்றும் தெரியவில்லை. ஆனால் அந்த வாரம் நடந்ததை நான் எவரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இதில் வருகிற அண்ணையிடம் கேட்டேன். "எழுதுங்கோ பிள்ளை, பேரை மட்டும் போட்டிடாதேங்கோ" என்றார். அதனால் ஒருவர் பெயரும் இல்லை.

ஊரில் சண்டை நின்றிருந்த ஆண்டுகள் அவை. நாங்கள் ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தோம். என் கணவருக்கு பேக்கரியில் வேலை. சனி ஞாயிறுகளில் வீடியோக் கமராவோடு திருமணம், சாமத்தியவீடு, முதல் நற்கருணை என்று போய்விடுவார். அவர் எடுத்துவருவதைக் கணினியில் ஏற்றி வெட்டி ஒட்டுவது என் வேலை. அது எனக்குப் பிடித்திருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் எத்தனை பேரின் முகத்தையும் எவ்வளவு நேரமும் பார்க்கலாம். அவர்கள் திரும்பி என்னைப் பார்க்கமாட்டார்கள்.

அண்ணை எங்களுக்கு உறவில்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அதே கட்டடத்தில் நாலாம் மாடி. மன்னார்ப் பக்கம். எங்களைவிடப் பிந்தி நோர்வேக்கு வந்தவர். அவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அந்த மார்கழியில் மன்னாரில் அவருடைய அம்மா இறந்தபோது அண்ணை போகவில்லை. செய்தி வந்த அன்றும் வேலைக்குப் போனார். அவர் அழுததை எவரும் பார்க்கவில்லை. அதையும் சிலர் ஒரு கதையாகக் கதைத்தார்கள்.

அண்ணை வீட்டில் நாலு பேர், எங்கள் வீட்டில் நாலு பேர். மாதம் ஒரு தடவை ஒரே காரில் எல்லை தாண்டி சுவீடனுக்குப் போய் இறைச்சி, எண்ணெய், மா எல்லாம் பெரிய பொதிகளாக வாங்குவோம். திரும்பி வந்து கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரிப்போம். கோழிக்கால் பெட்டி என்றால் இந்தப் பைக்குள் ஒன்று, அந்தப் பைக்குள் ஒன்று. அப்படி ஒரு பயணத்தில் அங்கே ஒரு மின்சாதனக் கடையில், கணினிக்குப் போடும் மெமரித் துண்டுகள் இரண்டு ஒரே பொதியில் மலிவாகக் கிடந்தன. அண்ணை வீட்டுக் கணினியும் எங்களுடையதும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. இரண்டும் நொண்டிக்கொண்டுதான் ஓடின. கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் கத்தரிக்கோலால் பொதியை வெட்டினார்.

"அண்ணை, இது உங்கட கால், இது எங்கட கால்" என்றார்.

"எங்கட காலில சதை குறைவாக் கிடக்கு" என்றார் அண்ணை.

அன்று எல்லோரும் சிரித்தோம். எங்கள் பங்கைக் கணினியில் ஏற்கெனவே இருந்த சின்னத் துண்டுக்குப் பக்கத்தில் நானே செருகினேன். கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது. அதோடு மறந்துவிட்டேன்.

அண்ணையின் அம்மாவுடைய முப்பத்தோராம் நாள் பூசை ஒரு சனிக்கிழமை வந்தது. பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் சாப்பாடு. அதற்கு முன் அடக்கத்தின் வீடியோவைத் திரையில் போடவேண்டும் என்று அண்ணையின் ஊர்க்காரர் கேட்டிருந்தார்கள். மன்னாரிலிருந்து ஒருவர் கையில் கொடுத்துவிட்ட மூன்று சின்ன நாடாக்கள் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. அண்ணை அவற்றைப் பார்க்கவில்லை. அவரிடம் அந்த நாடாவைப் போடும் கருவியும் இல்லை. "சனத்தோட சேர்ந்து பாக்கிறன்" என்று என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

இரண்டாவது நாடாவில்தான் அது இருந்தது. சவப்பெட்டியின் தலைமாட்டில் அண்ணையின் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறா. ஆட்கள் வந்து முத்தமிட்டுப் போகிறார்கள். ஒரு கிழவி பின்னாலிருந்து, "மூத்தவன் வரேல்லையோ?" என்று கேட்கிறா. தங்கச்சி கமராவை நிமிர்ந்து பார்க்கிறா.

"வடிவா எடுங்கோ தம்பி. நோர்வேக்காரன் கதிரையில இருந்து பாப்பான். அவனுக்கு அது காணும். இந்த மனிசி பதினொரு வருசம் வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தது அவனுக்குத் தேவையில்லை."

பிறகு முகத்தைத் துணியால் மூடிக்கொள்கிறா.

நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அது கோபத்தில் சொன்னதுதான், துக்கத்தில் சொன்னதுதான். ஆனால் அதை மண்டபத்தில் நூறு பேருக்கு முன்னால் அண்ணை முதல் முறையாகக் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். அந்த இடத்தை வெட்டி, அதன்மேல் மெழுகுதிரியின் படத்தை வைத்து, பாட்டுச் சத்தத்தை இழுத்துவிட்டேன். என் கணவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அது இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயமாகிவிடும்.

இனி வெட்டிய படத்தைக் கணினி ஒன்றாக்கி எழுதவேண்டும். ரெண்டர் என்று சொல்வார்கள். புதன்கிழமை காலை தொடங்கிவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் பாதியில் நின்றிருந்தது. மறுபடி தொடங்கினேன். மறுபடி அதே இடத்தில் உறைந்து, மெமரி போதாது என்றது.

"சரிவராட்டி விடும்" என்றார் கணவர். "கமராவை நேரா மண்டபத்துத் திரைக்குத் தொடுத்து நாடாவை அப்பிடியே ஓட விடுவம். அடக்கத்துக்கு என்னத்துக்கு அலங்காரம்?"

"இல்லை, அப்பிடிச் செய்யேலாது" என்றேன்.

"ஏன்?"

"வடிவா இராது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அவரை மறுத்துப் பேசுவது குறைவு.

வியாழக்கிழமை வேலையிடத்தில் வக்ட்மெஸ்டரிடம் கேட்டேன். பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற நோர்வேஜியர் அவர். பள்ளிக் கணினிகளையும் அவர்தான் திருத்துவார். ஆறு வருடமாக அவரோடு காலை வணக்கத்துக்கு மேல் நான் பேசியதில்லை. அவர் உணவுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். என் நோர்வேஜிய மொழி எனக்கே விளங்காத அளவுக்கு நடுங்கியது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தொடங்கும்போது கறுப்புத் திரையில் என்ன எழுதுகிறது? சிங்கிள் சனலா, டூவல் சனலா?"

காலையில் பார்த்தது ஞாபகம் வந்தது. "சிங்கிள்."

ஒரு தாளை எடுத்து நாலு கோடு கீறினார். மெமரி செருகும் நாலு இடங்கள். இரண்டு நீலம், இரண்டு கறுப்பு. ஒரே அளவான இரண்டு துண்டுகளை ஒரே நிறத்து இடங்களில் போட்டால், கணினி இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு வழியால் பயன்படுத்தும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று போட்டால் உங்கள் கணினியில் ஒரு வழிதான், அதுதான் சிங்கிள் சனல். அதனால்தான் சோடியாக விற்கிறார்கள் என்றார்.

"நீங்கள் வாங்கியது சோடிதானே? மற்றது எங்கே?"

"பக்கத்து வீட்டில்."

"பக்கத்து வீட்டிலா?"

"பாதி எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்குவோம்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "காலுக்குச் சப்பாத்து வாங்கினாலும் அப்படித்தானா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. பிறகு அவரே, "இரண்டு துண்டும் கிடைத்தால் பழைய சின்னதை எடுத்துவிடுங்கள். வெள்ளைப் பிடி இரண்டு பக்கமும் தானாக மூடவேண்டும். அதுவரை அழுத்துங்கள், பயப்படாதீர்கள்" என்றார்.

அன்று பின்னேரம் நாலாம் மாடிக்கு இறங்கிப் போய் அண்ணையிடம் துண்டைக் கேட்டேன். காரணம் மட்டும் முழுதாகச் சொல்லவில்லை. அவர் தன் கணினியைத் திறந்து கழற்றி, சவர்க்காரப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து, தானே ஏழாம் மாடிக்குக் கொண்டுவந்தார். அவரை வரவேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?

மின்கம்பியைப் பிடுங்கினேன். பின்பக்கத்தில் இருந்த எல்லா வயர்களையும் கழற்றிக் கணினிப் பெட்டியை மேசையில் படுக்கவைத்தேன். கணவர் டோர்ச் பிடித்தார். கையில் இருக்கும் மின்சாரம் போகட்டும் என்று வெறும் தகரத்தைத் தொட்டேன். சின்னத் துண்டை எடுத்தேன். எங்கள் துண்டை முதல் நீலத்தில் வைத்து அழுத்தினேன், பிடி மூடிக்கொண்டது. அண்ணையின் துண்டை மற்ற நீலத்தில் வைத்தேன். ஒரு பக்கம்தான் மூடியது. மூடிவிட்டது என்று நினைத்து மின்சாரம் கொடுத்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"முடிஞ்சுது. உள்ளதையும் உடைச்சாச்சு" என்றார் கணவர்.

"நீர் வாயை வைச்சுக்கொண்டு டோர்ச்சைப் பிடியும்" என்றார் அண்ணை. "பிள்ளை, திருப்பி அமத்துங்கோ."

மறுபடி எல்லாம் நிறுத்தி, இரண்டு பெருவிரலாலும் அழுத்தினேன். துண்டுகள் செருகிய பலகை வளைந்தது. உடைந்துவிடும் என்று நினைத்த நேரத்தில் டிக் என்று அந்தப் பிடி மூடியது. மின்சாரம் கொடுத்தேன். கறுப்புத் திரையில், கீழே, டூவல் சனல் என்று எழுதி மறைந்தது.

"வந்திட்டுதோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை."

சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் படம் வெட்டும் நிரலைத் திறந்தேன். முன்பெல்லாம் படம் விக்கி விக்கித்தான் ஓடும். ஓடவிட்டேன். நான் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த வெட்டாத இரண்டாவது நாடா அங்கே திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வயர்களைத் திரும்பத் தொடுத்தபோது ஹெட்போனைத் தொடுக்காமல் விட்டதையும் கவனிக்கவில்லை. படம் ஒரு விக்கலும் இல்லாமல் ஓடியது. ஒலிபெருக்கியிலிருந்து தங்கச்சியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. வடிவா எடுங்கோ தம்பி.

நிறுத்த என் கை ஓடவில்லை. அவ துணியால் முகத்தை மூடும்வரை ஓடியது. கணவர் டோர்ச்சை அணைக்காமல் நின்றார்.

"அதை வெட்டத்தான் இவ்வளவும் செய்தனீங்களோ?" என்று அண்ணை கேட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"திருப்பி ஒருக்காப் போடுங்கோ."

போட்டேன். மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கதிரையில இருந்து பாப்பான் என்று தங்கச்சி சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். எழும்பி நின்றுகொண்டார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. என் கணவர் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். தேத்தண்ணி போடவில்லை, சும்மா தண்ணீர் ஓடியது.

பிறகு அண்ணை சொன்னார்: "அவள் சொன்னதில பிழை இல்லை. பதினொண்டு இல்லை, பன்ரெண்டு வருசம். ஆனா அங்கை மண்டபத்தில வேண்டாம். அவளைப் பற்றித்தான் சனம் கதைக்கும், அண்ணன்காரனை இப்பிடித் திட்டினவள் எண்டு. அவள்தான் அம்மாவைக் கழுவித் துடைச்சவள். அவளுக்கு அந்தப் பேர் வரக்கூடாது."

நான் பயந்தது அவருக்காக. அவர் பயந்தது தங்கச்சிக்காக.

"எனக்கு வெட்டாமல் ஒண்டு தாங்கோ. முழுசா" என்றார். "ஏலுமோ?"

இரண்டு படம். வெள்ளிக்கிழமை பொழுதுபடுவதற்குள் இரண்டையும் எழுதிவிடவேண்டும். நேற்றுவரை இந்த ஒன்றைக்கூட எழுதி முடிக்காத கணினி. ஏலும் என்றேன். அப்படி உறுதியாக நான் எதையும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

மண்டபத்துக்கானது இரவோடு முடிந்தது. முன்பு உறைந்த இடத்தை எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. மெமரி கூடியதால் எவ்வளவு, இரண்டு வழி திறந்ததால் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. வெள்ளி காலை அண்ணைக்கு உரியதைத் தொடங்கிவிட்டு வேலைக்குப் போனேன். வக்ட்மெஸ்டர் தூரத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டி, சரியா என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். நானும் இரண்டு விரலைக் காட்டினேன். பின்னேரம் வந்து பார்த்தபோது படம் முடிந்திருந்தது. டிவிடித் தட்டில் ஏற்றி, மேலே ஒன்றும் எழுதாமல், நாலாம் மாடியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மறுநாள் பூசை நடந்தது. மண்டபத்தில் படம் நிற்காமல் ஓடியது. மெழுகுதிரி வந்த இடத்தில் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார். பிறகு சாப்பாடு கொடுத்தார்கள்.