பக்கெட் இல்லாத பொங்கல்

வடக்குப்பட்டில் சசிகலா வீட்டில் பக்கெட்டுக்குப் பஞ்சமே இல்லை. நீலம், சிவப்பு, பச்சை என்று வாசலில் வரிசையாக நிற்கும். அத்தனையும் அவள் ஓடாத ஓட்டத்துக்கும் ஆடாத ஆட்டத்துக்கும் கிடைத்தவை. பிறவியிலேயே வலது கால் சூம்பிய பெண். காணும் பொங்கல் விளையாட்டு விழாவில் அவளை மைக்செட் பக்கத்தில் உட்காரவைத்து, "சிறப்புப் பரிசு, நம்ம சசிகலாவுக்கு!" என்று ஒரு பக்கெட்டைக் கையில் திணித்துவிடுவார்கள். ஊரே கை தட்டும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரகடம் கம்பெனியில் வயர் சோதிக்கிற லைனில் எல்லாருக்கும் சமமாக ஷிப்ட் பார்க்கிறவளுக்கு எதற்கய்யா இந்தப் பிச்சை?

போன வருடம் ஜப்பானிலிருந்து மாற்றுத்திறனாளி வீரர்கள் சிலர் வந்து தங்கி, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து ஆடும் வாலிபால் சொல்லிக்கொடுத்தார்கள். வலை தாழ்வாக இருக்கும். கால் நன்றாக இருக்கிறவர், இல்லாதவர் எல்லாருமே தரையில்தான். பந்தை அடிக்கும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பினால் பவுல். வந்தவர்களில் ஒற்றைக் கால் மிசாகி முதல் நாள் அடித்த அடியில், கற்றுக்கொள்ளப் போன சசிகலாவின் தோள் சிவந்துபோயிற்று.

"அடிப்பாவி, எம்பொண்ணை இப்புடியா அடிப்பா!" என்று அம்மா செங்கமலம் பதறினாள். மிசாகி அசரவில்லை; அடுத்த பந்தையும் அதே தோளுக்கே அனுப்பினாள். சசிகலாவுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. தன்னை எதிராளியாக மதித்த முதல் ஆள் மிசாகிதான்.

இந்தப் பொங்கலுக்கு ஊர் விழாவிலும் அந்த ஆட்டத்தைச் சேர்க்கச் சொல்லி, சண்டை போட்டுச் சேர்க்கவைத்தாள். எதிரணியில் அவள் அண்ணன் மோகன். அந்த மகராசன் அவள் பக்கம் மட்டும் பூப்போலத் தூக்கிப் போட்டான்.

"டேய், இன்னாடா வெளாடுற? ஒயுங்கா அடி!"

"உனக்கு அடிபட்டா அம்மா என்னைத்தான் கேக்கும்."

இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் சசிகலா அணிக்கு வெற்றி; மோகன் அணி ஒரே புள்ளிதான் பின்னால். பந்து வாகாக வந்தது. ஓங்கி அடித்தாள், எதிர்ப்பக்கம் விழுந்தது. கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் அடித்த வேகத்தில் தன் இடுப்பு எழும்பியது அவளுக்கே தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த பேச்சிராஜ்தான் நடுவர். அவரும் பார்த்தார். வாய்வரை கொண்டுபோன விசிலை இறக்கிவிட்டார்.

"அண்ணே, நான் எயுந்துட்டேன். பவுல் குடுங்க."

"இருக்கட்டும் தாயி, நீதானே. யாரு கேக்கப்போறா?"

"நான் கேக்குறேன். மோகன் எயுந்தா வுடுவீங்களா?"

"சும்மா இரு சசி!" என்று அவள் அணிப் பிள்ளைகளே கத்தினார்கள். அவள் பந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் பேச்சிராஜ் ஊதினார். புள்ளி சமமாயிற்று.

மோகன் தங்கையை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு அவன் போட்ட இரண்டு சர்வீஸும் இடி மாதிரி அவளிடமே வந்தன. இரண்டையும் விட்டாள். ஆட்டம் போயிற்று. அவள் அங்கேயே புழுதியில் உட்கார்ந்து அழுதாள். தோற்றதற்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

பரிசு கொடுக்கும்போது விழாக்குழு கோதண்டம் மைக்கில் ஜெயித்தவர்கள் பெயரை மட்டும் படித்தார். புதுப் பக்கெட் மேசையடியிலேயே கிடந்தது.

வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்துச் செங்கமலம் கேட்டாள்: "இன்னாடி, இந்த வருசம் பக்கெட்டு குடுக்கலியா?"

"தோத்துட்டேன்மா. தோத்தவளுக்கு எப்புடிக் குடுப்பாங்க?" என்றாள் சசிகலா, அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு.