மேல்வீட்டுச் சட்டையும் எங்கள் வீட்டுச் சேலையும்

ஜெர்மனியில், வுப்பர்டாலில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரும் ஆணி அடிக்கக்கூடாது, கம்பளம் தட்டக்கூடாது, குழந்தைகூட அளவாகத்தான் அழவேண்டும். அதற்கு ரூஹெசைட் என்று பெயர், அமைதி நேரம். வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் சத்தம் கேட்காத வீடென்றால் உள்ளே யாரோ கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்லகாலத்துக்கு என் தலைக்கு மேலே மார்த்தா குடியிருந்தாள், கொலம்பியாக்காரி. அவளும் மகள் கமிலாவும் அந்த நேரத்தில்தான் சண்டையைத் தொடங்குவார்கள், ஏனென்றால் மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதே அப்போதுதான். ஸ்பானிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ‘உன்னைப் பெத்து வளர்த்தது இதுக்கோ’ என்பதை எந்த மொழியில் சொன்னாலும் ஒரு தாய்க்கு விளங்கும்.

ஒருநாள் கீழ்வீட்டு ஜெர்மன்காரம்மா ஃபிராவ் லோமான் வெளிறிய முகத்தோடு என் கதவைத் தட்டினார். “மேலே யாரையாவது கொல்கிறார்களா? போலீசைக் கூப்பிடவா?” நான் போய்ப் பார்த்தேன். சோஃபாவில் நிலம் தொடும் கவுன் மாதிரி ஒரு ரோஸ் நிறச் சட்டை, ஆள் இல்லாமல் தானாகவே உட்கார்ந்திருந்தது, அவ்வளவு மடிப்பு. அவர்கள் நாட்டில் பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயதானால் கலியாணம் மாதிரி விழா எடுப்பார்கள். மார்த்தாவுக்கு அந்த வயதில் அது நடக்கவில்லை. மகளுக்குச் செய்தே தீருவேன் என்று நின்றாள். கமிலாவோ கறுப்பு ஜீன்சைத் தவிர எதையும் போடாத பிள்ளை. நான் இறங்கி வந்து, “ஒரு சட்டையைப் பற்றிக் கதைக்கிறார்கள்” என்றேன். ஃபிராவ் லோமான் நம்பவில்லை.

மார்த்தாவைப் பார்த்துச் சிரித்த வாய்க்கு எனக்கும் பலன் கிடைத்தது. ஜெர்மனியில் உலகக் கிண்ணம் நடந்த கோடைக்கு அடுத்த வருடம் என் மகள் ஜனனிக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா, வைத்தோம். அவள் பெரியபிள்ளையாகி இரண்டு வருடமாகிவிட்டது. இங்கே அப்படித்தான். மண்டபம் கிடைக்கவேண்டும், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்களுக்கு லீவு கிடைக்கவேண்டும். அதற்குள் பிள்ளை தாயைவிட உயரமாகிவிடும். நம்மவர்கள் யாரும் அதை ஒரு குறையாகச் சொல்வதில்லை. ஜனனிக்குத்தான் பிடிக்கவில்லை. அவள் முகம் சுளித்தபோதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என்னுடைய சாமத்தியம் ஊரில் சண்டைக் காலத்தில், ஹெலிகொப்டர் சத்தத்துக்கு நடுவில் கிணற்றடியில் அவசரமாக வார்த்த தண்ணீரோடு முடிந்தது. மாலை இல்லை, மேடை இல்லை, ஒரு படம்கூட இல்லை. என் பிள்ளை என் கலியாணத்து ஊதாக் கூறைப்பட்டை உடுத்தி மேடையில் நிற்பதை நான் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஜனனியின் படம் போட்ட அழைப்பிதழை மார்த்தாவுக்குக் கொடுத்தேன். அவள் சந்தோஷத்தில் அதைக் கொண்டுபோய் வாசலில், ரூஹெசைட் அறிவித்தலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். ஃபிராவ் லோமான் என்ன கொண்டாட்டம் என்று கேட்டார். என் டொச், அதுதான் ஜெர்மன் மொழி, நல்ல டொச். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான், உடம்பைப் பற்றிய சொற்கள் எல்லாம் கூச்சமில்லாமல் வரும். ஒன்றும் விடாமல் விளங்கப்படுத்தினேன். மறுநாள் ஜனனி இரண்டு வகுப்புத் தோழிகளோடு வர, ஃபிராவ் லோமான் பூச்சாடியோடு வாசலில் காத்திருந்து, அவளுடைய முதல் மாதவிடாய்க்குக் கைகொடுத்து வாழ்த்தினார். இரண்டு வருடம் பிந்தியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

ஜனனி பூச்சாடியை என் கையில் திணித்தாள். “இது என் உடம்பு, உங்கள் மண்டபம் இல்லை. மேடையில் நீங்களே போய் நில்லுங்கள்” என்றாள். டொச்சில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் மறந்துவிடும். நேரே மார்த்தா வீட்டுக்கு ஏறிப்போனாள். அதற்குப் பிறகு படுக்க மட்டும் வீட்டுக்கு வந்தாள், என்னோடு ஒரு சொல் தமிழ் கதைக்கவில்லை. அது என்னைத் தின்றது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கமிலா என் குசினிக்கு வந்து, தாயைப் பற்றி மூக்கால் அழுதாள். இடியப்பமும் சொதியும் கொடுத்து, “உனக்குப் பிடிக்காததை உடுத்தச் சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை, பிள்ளை” என்றேன். அவள் வாய் நிறைய இடியப்பத்தோடு, “அப்படியென்றால் ஜனனிக்கு?” என்று கேட்டாள். நான் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினேன்.

மகளைக் கூட்டிவர மேலே போனால், கதவுக்கு அந்தப் பக்கம் மார்த்தாவின் குரல், டொச்சில்: “அம்மாவின் ஆசை அம்மாவோடு. அதை நீ சுமக்கவேண்டாம், கண்ணே.” எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மணியை அடித்தேன். படிக்கட்டில் நின்று அவள் ஸ்பானிய மொழியிலும் நான் தமிழிலும் தொடங்கினோம்.

“என்ர பிள்ளைக்குப் புத்தி சொல்ல நீ ஆர்? உன்ர பிள்ளை என்ர குசினியில இருந்து அழுகுது, தெரியுமோ!”

ஒரு சொல் விடாமல் இருவருக்கும் விளங்கியது. கீழே கதவு திறந்தது. “ரூஹெ!” என்று ஃபிராவ் லோமான் கத்தினார். அவர் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டோம். எனக்கு அழுகை வந்தது. “எனக்கு அது நடக்கவில்லை” என்று டொச்சில் சொன்னேன். “எனக்கும்தானே” என்றாள் மார்த்தா.

பிள்ளைகள் இரண்டு பேரும் கதவடியில் நின்று கேட்டிருக்கிறார்கள். “வருகிறேன். சேலை கட்டமாட்டேன்” என்றாள் ஜனனி, டொச்சில்தான். கமிலா என்னைப் பார்த்து, “அந்த ஊதாச் சேலையை நான் கட்டலாமா?” என்று கேட்டாள். ஏன் என்றதற்கு, “கட்டு என்று யாரும் என்னை வற்புறுத்தவில்லையே” என்றாள்.

அப்படித்தான் கெல்சென்கிர்ச்சனில் எடுத்த மண்டபத்தில் என் மகள் மேல்வீட்டு ரோஸ் சட்டையிலும், மார்த்தாவின் மகள் என் கூறைப்பட்டிலும் வந்து இறங்கினார்கள். ஆலாத்தித் தட்டோடு நின்ற கணவரின் தங்கை, “மச்சாள், இப்ப ஆருக்குச் சுத்துறது?” என்று என் காதுக்குள் கேட்டாள். “ரெண்டு பேருக்கும் சுத்துங்கோ” என்றேன். மனம் நிறைந்ததா என்று கேட்டால், பாதி என்பேன். அந்தப் பட்டை மற்றப் பிள்ளையின் இடுப்பில் பார்த்தபோது நெஞ்சு நொந்தது. சனம் என்ன கதைத்தது என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

மேடையில் மார்த்தா தங்கள் வழக்கத்தைச் சொன்னாள். பிள்ளையின் தட்டைச் சப்பாத்தைக் கழற்றி, குதி உயர்ந்ததைப் பெற்றவர்கள் மாட்டிவிடவேண்டும். எங்கள் வழக்கத்தில் மகள்தான் தாயின் காலில் விழுவாள். அதை மச்சாள் கமிலாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் போல. அவள் சேலையோடு தடாலென்று விழ, பிள்ளை மயங்கிவிட்டது என்று மார்த்தா அலறினாள். சபை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மகளின் காலடியில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன், ஒரு கையில் பழைய சப்பாத்து, மறுகையில் புதியது. கண் கலங்கி, எதை எந்தக் காலுக்குப் போடுவதென்று தெரியாமல் தடுமாறினேன். ஜனனி குனிந்து என் தோளைப் பிடித்தாள்.

“அம்மா, அது மற்றக் கால்” என்றாள். தமிழில்.