பதினாறு பல்

எட்னா ஹால்ஸ்டெட்டுக்குப் பிடிவாதம் என்று எங்கள் ஹாலிஃபாக்ஸ் சைக்கிள் சங்கத்தில் சொல்வார்கள். நான் அதைத் துணிச்சல் என்பேன். வயது அறுபத்தொன்று. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. ஆள் கல்லு மாதிரி இருப்பார், இடது முழங்கால் மட்டும் மக்கர்.

குளிர் தொடங்கியதும் நாங்கள் கியர் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு, பழைய வண்டி ஒன்றை ஒற்றைக் கியராக மாற்றிக்கொள்வோம். பிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வில்லை. முதல் ஞாயிறு ராவன் லேன் ஏற்றம். அதில் யார் கால் தரையில் பட்டாலும், வசந்தம் வரும்வரை அவர் மத்தியானமே வீடு திரும்பிவிடும் அரைநாள் கோஷ்டியோடுதான் போகவேண்டும்.

எட்னாவை அந்தக் கோஷ்டியில் தள்ளிவிடச் செயலாளர் டெரிக் ஓல்ட்ராய்டுக்கு ரொம்ப நாள் ஆசை. கெட்ட மனுஷன் இல்லை. வழியில் எட்னாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான். ஆனால் அவர் பயத்துக்கு எட்னா ஏன் அரைநாளோடு திரும்ப வேண்டும்? எனக்கு அது பிடிக்கவே இல்லை.

எட்னா தன் வண்டியை ஒற்றைக் கியராக மாற்றிக்கொண்டிருந்தபோது நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டெரிக் வந்து சேர்ந்தார்.

“பின்னாடி பத்தொன்பது பல் சக்கரம் போடுங்க எட்னா. ஏத்தத்துல லேசா இருக்கும்.”

“ஏத்தம் பத்து நிமிஷம். இறங்கும்போது? கால் தையல் மிஷினாட்டம் அடிச்சுக்கும். இந்த முட்டி தாங்குமா? உன் முட்டியைக் கடன் தர்றியா?”

“சரி, பதினெட்டு?”

“பதினாறு.”

“நடந்துதான் ஏறுவீங்க.”

“பாக்கலாம் கண்ணு.”

சங்கிலி ஓடும் பின் பல்சக்கரத்தில் பல் குறையக் குறைய ஏற்றத்தில் கனக்கும், இறக்கத்தில் கால் நிதானமாகச் சுற்றும். எட்னாவின் கணக்கு சரிதான். ஆனால் அதற்குப் பதினேழே போதும். பதினாறு போட்டது முழங்காலுக்காக இல்லை, டெரிக்கின் மூஞ்சிக்காக.

ஞாயிற்றுக்கிழமை சாலையெல்லாம் ஈர இலை. எட்னா பாதங்களைப் பெடலோடு தோல்வாரால் இறுக்கிக்கொண்டு கிளம்பினார். முதல் வளைவை எழுந்து நின்று மிதித்தே கடந்துவிட்டார். இரண்டாவதில் வண்டி ஊர்ந்தது. நானும் டெரிக்கும் பக்கத்திலேயே ஏறினோம். அவர் வண்டியின் முன்சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடியது, நின்றது.

வேறு யாராக இருந்தாலும் காலை உருவி ஊன்றியிருப்பார்கள். எட்னா உருவவில்லை. வண்டியோடு அப்படியே புல்லோரச் சேற்றில் சாய்ந்தார்.

இருவரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினோம். டெரிக் குனிந்து வாரை அவிழ்க்கப் போனார்.

“கையை எடு,” என்றார் எட்னா, கன்னத்தில் சேற்றோடு. “அவுத்தா கால் தரையில படும். இப்படியே தூக்கு.”

“எட்னா, விழுந்துட்டீங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கு.”

“விழக்கூடாதுன்னு எங்க இருக்கு? கால் படக்கூடாது, அவ்வளவுதான். என் கால் ரெண்டும் பெடல்ல இருக்கு. உன் கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாரு.”

டெரிக் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டேன். நாலு காலும் தரையில்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியோடு தூக்கி நிறுத்தி, முதுகில் கைகொடுத்துத் தள்ளிவிட்டோம். எட்னா திரும்பிப் பார்க்காமல் மிதித்துப் போனார். நாங்கள் வண்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.